சிப்பாய்த் தோட்டக்காரரின் பதக்கங்கள்

வரலாறு என்றதும் நமக்கு அரண்மனைகளும் கோட்டைகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வரலாறு சில வேளைகளில் லயத்து வீட்டின் பரண்மேல், ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள்ளும் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு தகரத்தைப் பற்றியும், அதில் இருந்த நான்கு பதக்கங்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஸ்ரீ கெம்பாங்கானை உங்களில் பலர் அறிவீர்கள். இன்று அங்கே நெடுஞ்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்திருக்கின்றன. அந்த ஊர் 1952-ஆம் ஆண்டு, அவசர காலத்தின்போது, செர்டாங் புதுக்கிராமமாக உருவானது. அதற்குப் பக்கத்திலேயே 1931-இல் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டது. அது 1947-இல் கல்லூரியாயிற்று. 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாயிற்று. 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் என்ற பெயரோடு விளங்குகிறது. இவற்றைச் சுற்றி ஒரு காலத்தில் ஈய லம்பங்களும் ரப்பர் தோட்டங்களுமாக இருந்தன. அந்தத் தோட்டங்களில் ஒன்றில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

எங்கள் தோட்டத்துப் பள்ளியின் முன்னால் செம்பருத்தியும் கன்னாவாழையும் வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெரியவர். அரசாங்க அலுவலகம் ஒன்றின் பூந்தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். துரைமார் காலத்தில் அந்த வேலைக்காரரை ‘கெபுன்’ என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய கைகள் சும்மா இருக்கவில்லை. காலையில் பெரட்டு முடிகிற நேரத்தில் கத்தியும் வாளியுமாகப் பள்ளிக்கு வந்துவிடுவார். நாங்கள் அவரைத் தாத்தா என்றே அழைத்தோம்.

எனக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும். ஒரு நாள் அவர் எங்களில் சிலரை வீட்டுக்கு அழைத்துப்போய் அந்தத் தகரத்தைத் திறந்து காட்டினார். மஞ்சள் நிறத்தில் இரண்டு நட்சத்திரங்கள், வெள்ளை உலோகத்தில் வட்டமாக ஒரு பதக்கம், அவற்றோடு ஒட்டாமல் தனியாக ஒரு துணியில் சுற்றிய இன்னொரு பதக்கம். “இது மூணும் சண்டைக்குக் குடுத்தது தம்பி. இது ஒண்ணு புல்லு வெட்டினதுக்குக் குடுத்தது,” என்றார்.

“எது தாத்தா பெருசு?” என்று கேட்டேன்.

“சண்டை நாலு வருசம். புல்லு முப்பது வருசம். நீயே கணக்குப் போட்டுக்க,” என்று சொல்லித் தகரத்தை மூடிவிட்டார்.

சில ஆண்டுகளில் அவர் காலமானார். பிறகு தோட்டம் வீடமைப்புக்குப் போயிற்று. குடும்பங்கள் திசைக்கு ஒன்றாகப் பிரிந்தன. சாமான்களைக் கட்டுகிற அவசரத்தில் அந்தத் தகரமும் ஓட்டைப் பித்தளைப் பானைகளோடு பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறிவிட்டது. யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் அதன் மதிப்புத் தெரியவில்லை. நானும் அன்று அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு படித்தபோதுதான் நான் இழந்தது என்னவென்று எனக்கு விளங்கிற்று. அந்தத் தகரம் ஒரு புத்தகம். அதைப் படிக்க எனக்கு எழுத்துத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தகரம் இருக்கலாம். ஆகவே பதக்கத்தை எப்படிப் படிப்பது என்று இன்று சேர்ந்து பார்ப்போம்.

பதக்கங்களில் மூன்று வகை உண்டு. முதலாவது வீரப் பதக்கம். ஒருவர் செய்த ஒரு குறிப்பிட்ட வீரச் செயலுக்காகத் தரப்படுவது. இரண்டாவது போர்ப் பதக்கம். இன்ன போரில், இன்ன இடத்தில், இத்தனை நாள் பணியில் இருந்தார் என்பதற்கான சான்று. தளபதிக்கும் அதே பதக்கம்தான், சமையற்காரச் சிப்பாய்க்கும் அதே பதக்கம்தான். மூன்றாவது நீண்டகாலச் சேவைப் பதக்கம். ஆண்டுக்கணக்கில் பழுதில்லாமல் வேலை செய்ததற்காகத் தரப்படுவது. தாத்தாவிடம் இருந்தவை இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும்.

முதலில் போர்ப் பதக்கங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய நட்சத்திரங்கள் ஆறு முனை கொண்டவை; செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகத்தால் ஆனவை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு நடுவில் உள்ள எழுத்திலும், தொங்கவிடும் நாடாவின் நிறத்திலும்தான் இருக்கிறது. 1939–45 நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று பட்டைகள் உண்டு. அவை கடற்படை, தரைப்படை, விமானப்படை மூன்றையும் குறிக்கின்றன. பர்மா நட்சத்திரத்தின் நாடா கருநீலம். நடுவே அகலமான சிவப்பு. நீலத்தின் நடுவில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. பசிபிக் நட்சத்திரத்தின் நாடா காட்டைப்போல் கரும்பச்சை. நடுவே மணலைப்போல் மஞ்சள். 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை மலாயாவில் ஜப்பானியரை எதிர்த்து நின்றவர்களுக்கு இந்தப் பசிபிக் நட்சத்திரம் உரியது. வெள்ளை உலோகத்தில் வட்டமாக இருப்பது 1939–45 போர்ப் பதக்கம். அதன் ஒரு பக்கத்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலை. மறுபக்கத்தில் பறவை நாகத்தை மிதித்து நிற்கும் சிங்கம். இருபத்தெட்டு நாள் பணியில் இருந்தவருக்கே அது கிடைத்துவிடும்.

தாத்தாவிடம் இருந்தது பர்மா நட்சத்திரம். அந்த ஒரு செய்தியிலிருந்தே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், பாருங்கள். அவர் 1942-இல் மலாயாவில் தோற்ற படையைச் சேர்ந்தவர் அல்லர். இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் போரிட்டு வந்த படையைச் சேர்ந்தவர். “அரக்கான் மலையில மழையும் அட்டையும்தான்,” என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 25-ஆவது இந்தியப் படைப் பிரிவு 1942-இல் பெங்களூரில் திரட்டப்பட்டு அரக்கானில் போரிட்டது. அந்தப் பிரிவில் மதராஸ் சப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையினர் இருந்தார்கள். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. அந்தப் படைக்குச் செல்லப் பெயரே ‘தம்பி’ என்பதாகும். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தப் படையில் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 ஜூன் 24-ஆம் நாள் இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்தில், வெடிக்கப்போன கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்ந்த வீரப் பதக்கம் அளிக்கப்பட்டது.

1945 செப்டம்பர் 9-ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த பிறகு, அந்த 25-ஆவது பிரிவு நம் மோரிப் கடற்கரையில் வந்து இறங்கியது. சண்டை நடக்கவில்லை. ஆனால் கடற்கரைச் சேற்றில் லாரிகளும் கனரக வண்டிகளும் புதைந்து நின்றன. தாத்தா அதைச் சொல்லிச் சிரிப்பார். “துப்பாக்கிய விட மம்பட்டிதான் அன்னிக்கு உதவிச்சு,” என்பார். அங்கிருந்து கிள்ளான் வழியாகக் கோலாலம்பூர் வந்தார்களாம்.

இந்தப் போர்ப் பதக்கங்களில் நாம் அறிய வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர், படைப் பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. வட்டப் பதக்கமானால் விளிம்பில் பாருங்கள். நட்சத்திரமானால் பின்புறம் பாருங்கள். நகத்தால் தடவினால் எழுத்துத் தட்டுப்படும். அந்த எண் கையில் இருந்திருந்தால் தாத்தா யார், எந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர் என்று இன்று ஒருவாறு தேடிப் பார்த்திருக்கலாம். இப்போது தேடுவதற்கு ஓர் எண்ணும் என்னிடம் இல்லை.

இனி, பதக்கம் எதைச் சொல்கிறது என்பதைப்போலவே, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதக்கம் என்பது கொடுப்பவர் தம் கண்ணுக்குப் பட்டதை எழுதிக்கொடுக்கும் சீட்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்று ஒன்று வழங்கினார்கள். ஏறக்குறைய அறுபத்தைந்து லட்சம் பேருக்கு அது வெள்ளியில் கிடைத்தது. ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு மட்டும் வெண்கலத்தில் கிடைத்தது. அவர்கள் யார்? பெரும்பாலும் சீன, இந்திய, மால்ட்டா நாட்டுத் தொழிலாளர் படையினர். மூட்டை சுமந்தவர்கள், பதுங்குகுழி வெட்டியவர்கள், பாதை போட்டவர்கள். மன்னரின் தலை ஒன்றே, உலோகம்தான் வேறு. துப்பாக்கி பிடித்த கைக்கும் மம்பட்டி பிடித்த கைக்கும் இடையே அன்று கோடு போட்டார்கள்.

இரண்டாம் போரிலும் நம் சமூகத்துக்கு ஒரு விசித்திரமான நிலை ஏற்பட்டது. பர்மாவில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் தமிழர் இருந்தார்கள். அதே பர்மா எல்லையில், எதிர் வரிசையில், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திலும் தமிழர் இருந்தார்கள். அவர்களில் பலர் நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் இரண்டு பக்கமும் நின்றதும் உண்டு. போர் முடிந்ததும் ஒரு பக்கத்தாருக்கு நட்சத்திரம் கிடைத்தது. மறு பக்கத்தார் தோளில் காண்டாவோடு பால்மரத்துக்குத் திரும்பினார்கள். ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியாக இருந்த கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது 2000-ஆம் ஆண்டில். போர் முடிந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து!

சரி, சிப்பாயாக இருந்தவர் தோட்டக்காரர் ஆவது எப்படி? இது புதுமை போலத் தோன்றும். உண்மையில் உலகில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அப்படி ஆனார்கள். போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்க 1917 மே 21-ஆம் நாள் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்கு முனைந்து நின்றவர் ஃபேபியன் வேர் என்பவர். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்று வைக்கக்கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவுக் கல், அதைச் சுற்றிப் பூச்செடி என்பது அதன் கொள்கை. இன்று அதற்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர். முதல் போர் முடிந்ததும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பரந்து கிடந்த கல்லறைத் தோட்டங்களில் வேலை செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டக்காரர்கள் தேவைப்பட்டார்கள். வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்னாள் சிப்பாய்களே. தம்முடன் நின்று இறந்தவர்களின் தலைமாட்டில் ரோஜாச் செடி நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே வாழ்ந்துவிட்டவர்கள் பலர்.

அவர்களுள் ஒருவர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங். அயர்லாந்துக்காரர். முதல் போரில் ஐரிஷ் கார்ட்ஸ் படையில் இருந்தவர். பிறகு பிரான்சில் வலான்சியென் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் தோட்டக்காரரானார். 1940-இல் ஜெர்மானியர் அந்த நாட்டைப் பிடித்தபோது, அயர்லாந்து போரில் சேராத நாடு என்பதால், அவரை விட்டுவைத்தார்கள். அவர் பேசாமல் புல் வெட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் சுட்டு வீழ்த்தப்பட்டுத் தப்பி வந்த நேசநாட்டு விமானிகளுக்கு மறைவிடம் தேடித்தந்து உதவினார். 1943-இல் பிடிபட்டார். மரண தண்டனை விதித்து, பிறகு அதைச் சிறைத் தண்டனையாக மாற்றினார்கள். 1944 டிசம்பரில் ஜெர்மனியின் வால்ட்ஹைம் சிறையில் உயிர் நீத்தார். அவர் இறந்த பிறகு பிரெஞ்சு அரசு அவருக்கு எதிர்ப்பு இயக்கப் பதக்கத்தை வழங்கியது. சிப்பாயாக இருந்தபோது காட்டிய உறுதியைத் தோட்டக்காரராக இருந்தபோதும் அவர் விட்டுவிடவில்லை.

நம் நாட்டிலும் அத்தகைய தோட்டங்கள் உண்டு. தைப்பிங்கில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் பெயர் தெரியவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அருகில் உள்ள செராஸ் சாலைக் கல்லறையிலும் போர்வீரர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் ஏராளம். ஆனால் அனைவருக்கும் ஒரே கல் என்ற கொள்கை எல்லா இடத்திலும் காக்கப்படவில்லை. முதல் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய, மத்தியக் கிழக்குப் படையினரிலும் சுமைக்காரர்களிலும் குறைந்தது ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேரின் பெயர் எங்குமே பொறிக்கப்படவில்லை அல்லது அவர்கள் நினைவுகூரப்படவே இல்லை என்று, 2021-ஆம் ஆண்டில் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது.

போர் நம் மண்ணில் பெயராகவும் நின்றிருக்கிறது. இன்றைய புத்ராஜெயா ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். பிராங் பெசார் என்றால் பெரும்போர். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அதில் பங்கெடுத்த பிரிட்டிஷ் முன்னாள் அதிகாரிகள் காட்டை அழித்து அந்தத் தோட்டத்தைத் திறந்து, தாங்கள் கண்ட போரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அவர்களும் சிப்பாயாக இருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள்தாம். அவர்களின் நினைவு தோட்டத்துப் பெயரில் நின்றது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய நம்மவர்களின் நினைவு எதில் நின்றது என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது தாத்தாவின் நான்காவது பதக்கத்துக்கு வருவோம். நீண்ட சேவைக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கம் முதலில் படையில்தான் தோன்றியது. பிரிட்டிஷ் தரைப்படையில் 1830-இல் நீண்ட சேவை நன்னடத்தைப் பதக்கம் ஏற்பட்டது. இந்தியப் படையினருக்கு அது 1888-இல் வந்தது. சீருடை அணியாத சிறு ஊழியர்களுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1902-இல் மன்னர் ஏழாம் எட்வர்ட் இம்பீரியல் சேவைப் பதக்கத்தை ஏற்படுத்தினார். தபால்காரர், தோட்டக்காரர் போன்ற கீழ்நிலை அரசு ஊழியர்கள், பொதுவாக இருபத்தைந்து ஆண்டு பழுதற்ற சேவைக்குப் பின் ஓய்வு பெறும்போது அதைப் பெற்றார்கள். அதன் பின்புறத்துச் சித்திரத்தை நான் படத்தில் பார்த்து வியந்திருக்கிறேன். அதில் வாளும் இல்லை, சிங்கமும் இல்லை. வேலை முடித்து, வீட்டு வாசலில் அமர்ந்து இளைப்பாறும் ஒரு மனிதன். அவனைச் சுற்றி ‘உண்மையான சேவைக்காக’ என்ற பொருள் தரும் எழுத்து. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கமும் நாற்பது ஆண்டு உழைத்த தோட்டக்காரர்களுக்கென்றே ஒரு நீண்ட சேவைப் பதக்கம் வழங்குகிறது.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு நமக்கென்று விருதுகள் வந்தன. பி.பி.என். என்று நாம் சொல்லும் பிங்காட் பங்குவான் நெகாரா மாமன்னரால் அளிக்கப்படுவது. பி.ஜே.கே. என்று சொல்லும் பிங்காட் ஜாசா கெபாக்தியான் மாநில ஆட்சியாளரால் அளிக்கப்படுவது. இவற்றைத் தோட்டத் தலைவர்களும் ஆசிரியர்களும் சிறு ஊழியர்களும் பெற்றிருக்கிறார்கள். தாத்தாவின் நான்காவது பதக்கம் அத்தகைய நற்பணிப் பதக்கமே. மற்ற மூன்றும் ஒன்றாகக் கிடக்க, அதை மட்டும் அவர் ஏன் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார் என்பது சிறுவனாக இருந்த எனக்குப் புரியவில்லை.

அது புரியப் பல ஆண்டுகள் ஆயின. நான் ஆசிரியரான பிறகு, தாத்தாவின் அக்காள் மகளை ஒரு கோயில் திருவிழாவில் சந்தித்தேன். அந்த அம்மாள் சொன்ன கதையைக் கேளுங்கள்.

தாத்தாவின் அக்காள் போருக்கு முன்பே திருமணமாகி மலாயாத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். 1945-இல் மோரிப்பில் இறங்கிய தாத்தா, விடுப்புக் கிடைத்த ஒரு நாளில் அக்காளைத் தேடித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அக்காள் சாக்குத் துணி உடுத்தி, மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாராம். மாமனைக் காணோம். ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனார்களாம். அவர் திரும்பவே இல்லை.

சயாம் மரண ரயிலைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர்ப் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகளில் ஏறக்குறைய பதின்மூவாயிரம் பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. புல் வெட்டுவதற்கும் பூ வளர்ப்பதற்கும் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். நம் தொழிலாளிக்கோ அவ்வாறு பெயர் தாங்கிய கல் இல்லை, பதக்கமும் இல்லை.

தாத்தா 1946-இல் படையிலிருந்து விடுபட்டு ஊருக்குப் போனார். போன வேகத்திலேயே கப்பல் ஏறித் திரும்பி வந்துவிட்டார். அக்காளையும் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டுமல்லவா? கிடைத்த வேலை புல் வெட்டுவது. அந்தச் சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள். “நாலாவது மெடல் எங்களுக்குக் கிடைச்ச மெடல் சார். மாமா அதைக் கையில வாங்கிட்டு வந்து எங்க அம்மா படத்துக்கு முன்னாலதான் முதல்ல வெச்சாங்க,” என்றார் அந்த அம்மாள்.

நேயர்களே, போர்ப் பதக்கங்கள் மூன்றும் அவர் எங்கே போனார் என்பதைச் சொல்லின. அவர் ஏன் திரும்பி வந்தார் என்பதை எந்தப் பதக்கமும் சொல்லவில்லை. அந்த அம்மாளின் வாய்ச்சொல் இல்லாமற் போயிருந்தால் அதுவும் தகரத்தோடு போயிருக்கும். அவருடைய மாமனைப் பற்றியோ தகரத்தில் ஒரு துண்டு உலோகம்கூட இருந்ததில்லை. பதக்கம் பெற்றவரின் வரலாற்றைக் காக்கப் பதக்கம் இருக்கிறது. பதக்கம் பெறாதவரின் வரலாற்றைக் காக்கக் குடும்பம் ஒன்றுதான் இருக்கிறது.

ஆகையால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டில் பழைய பதக்கம், சான்றிதழ், படைப் புத்தகம், தோட்டத்துச் செக்ரோல் சீட்டு எது இருந்தாலும் வீசிவிடாதீர்கள். தீபாவளிக்குப் பித்தளை விளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுப் பதக்கத்தைத் துலக்காதீர்கள். பொறித்த எழுத்துத் தேய்ந்துவிடும். ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நாடா கிழிந்திருந்தாலும் அதை எடுத்துவிடாதீர்கள். அதன் நிறம்தான் போர்க்களத்தின் பெயர். விளிம்பில் உள்ள எழுத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்துத் தாளில் படிந்துவிடும். பிள்ளைகளிடம் சொன்னால் விளையாட்டுப்போல் செய்துவிடுவார்கள். கைத்தொலைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். போரில் இறந்தவரானால், போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைக் கொண்டு கட்டணமின்றித் தேடலாம். அருகில் உள்ள ஆசிரியரைக் கேளுங்கள், உதவுவார்.

பதக்கம் எதுவும் இல்லாத வீடுதான் அதிகம் என்பதை நான் அறிவேன். அந்த வீடுகளுக்கு வேலை இன்னும் அதிகம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார், தாத்தா எத்தனை ஆண்டு பால் வெட்டினார், யார் சயாமுக்குப் போனார், யார் திரும்பவில்லை என்று பெயரும் ஆண்டும் போட்டு எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதட்டும். சொல்லத் தெரிந்த பெரியவர் சொல்லட்டும். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்து வருகிறேன். அந்த நோட்டுப் புத்தகங்களில் நான் படித்த வரலாறு வேறு எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நம் முன்னோர், ஊரைக் காக்கப் போரிட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டார்கள். பெயரும் பெருமையும் எழுதி, மயிற்பீலி சூட்டினார்கள். பதக்கம் என்ற சொல்லுக்கு வெகு காலத்துக்கு முன்பே நம்மிடம் நடுகல் இருந்தது. 2023-ஆம் ஆண்டில், மரண ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர் நினைவாகக் காஞ்சனாபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகள் பிந்தி வந்தாலும் வந்துவிட்டது. அந்த அம்மாள் இப்போது தம் பேரனோடு அங்கே போய்வரப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். தந்தையின் பெயரை ஒரு தாளில் எழுதி, கல்லின் அடியில் வைத்துவிட்டு வர வேண்டுமாம்.

அந்தப் பெயரைத் தமிழிலும் ரூமியிலும் பிழையில்லாமல் எழுதிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. இழந்த தகரத்தை என்னால் மீட்க முடியாது. ஒரு பெயரைச் சரியாக எழுதிக்கொடுக்க முடியும்.